மகாவலிக்கு இந்தப் பக்கம்

நமது உயர்தர மாணவர்கள் கூர்ப்பு பற்றிப் படிக்கும்போது கலாபகோஸ் தீவுகளின் குருவிகளை மனனம் செய்கிறார்கள். 1835இல் டார்வின் போய் இறங்கிய தீவுகள், படிக்க வேண்டியவைதான். ஆனால் ரத்தோட்டையில் லயத்து வாசலில் நின்றால் தெரிகிற மலையிலும் அதே காரியம் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இந்த இதழின் முதற்பக்கத்தை அதற்கென்றே ஒதுக்குகிறோம்.

நக்கிள்ஸ் மலைத்தொடரை மத்திய மலைநாட்டின் ஒரு துண்டாகவே வரைபடத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது தனித்து நிற்கும் மலை. நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்மலைகளுக்கும் இதற்கும் நடுவே மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கு கிடக்கிறது. மேலே கொம்பனிய சிகரம் 1906 மீற்றர். கீழே ஆற்றோரம் சில நூறு மீற்றர்தான், அங்கே வெக்கை. முகில் படியும் காட்டில், பாசி பிடித்த கிளையில் வாழப் பழகிய ஓர் ஓணானுக்கு அந்த வெக்கையைத் தாண்டுவது கடலைத் தாண்டுவது போல.

அப்படியொரு ஓணான் இருக்கிறது. சின்ன உடம்பு. மற்ற ஓணான்கள் போல ஓடாது. வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். முட்டையிடாமல் குட்டி போடும். குளிர்ந்த மண்ணில் முட்டையைப் புதைப்பதைவிட, தாய் தன் உடம்பிலேயே சுமந்து வெயில் படும் இடத்துக்குக் கொண்டுபோவது மலையுச்சியில் நல்ல ஏற்பாடு. 1861இல் இதற்குக் கோபோட்டிஸ் சிலோனிக்கா என்று பெயரிட்டார்கள். நக்கிள்ஸில் இருப்பதும் அதே ஓணான்தான் என்றே நீண்ட காலம் நினைத்தார்கள். 2006இல் இலங்கை ஆய்வாளர்கள் இரு பக்கத்து உடல்களையும் செதில் செதிலாக ஒப்பிட்டபோது, நக்கிள்ஸில் இருப்பது வேறோர் இனம் என்று தெரிந்தது. ஒரே ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதை விவரித்தன. இரண்டுமே இந்த மலைத்தொடரின் சிங்களப் பெயரான தும்பறையை வைத்தன. கோபோட்டிஸ் தும்பற என்பது நிலைத்தது.

எப்படிப் பிரிந்தன? எந்த ஓணானும் மாற வேண்டும் என்று முயலவில்லை. ஓர் ஓணான் தன் ஆயுளில் இனம் மாறுவதும் இல்லை. மாறுவது குடித்தொகை. ஒவ்வொரு தலைமுறையிலும் பரம்பரையலகுகளில் சிறு விகாரங்கள் தற்செயலாக வருகின்றன. சில, அவற்றைக் கொண்ட உயிருக்குக் கூடுதல் குட்டிகளைத் தருகின்றன, அவை பரவும். நன்மையும் தீமையுமற்ற பல, சிறிய கூட்டத்தில் வெறும் அதிர்ஷ்டத்தால் நிலைத்துவிடும். இரு பக்கமும் கலந்து இனம்பெருக்கினால் இந்த மாற்றங்கள் பொதுச் சொத்தாகும். பள்ளத்தாக்கு அதைத் தடுத்துவிட்டால் அந்தந்த மலையின் மாற்றம் அந்தந்த மலையோடு தங்கிவிடும். போதிய காலம் போனபின் இரண்டு இனங்கள். எந்த நாளில் இரண்டாயின என்று கேட்பதில் பொருளில்லை. அப்படி ஒரு நாள் இருந்ததே கிடையாது.

கூர்ப்பைப் படிக்கும் பிள்ளை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதையே என்று நினைக்கிறோம். இனம் என்பது வார்த்து முடித்த பொருளல்ல.

இது நம் மலைக்கு மட்டும் உரிய கதையுமல்ல. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளிலும் வாழும் சோலைக்காட்டு நீலப் பறவைகள் ஒரு காலத்தில் ஒரே இனமாக எண்ணப்பட்டன, இன்று இரண்டு. பனியுகங்களில் கடல் இறங்கி, பாக்கு நீரிணை கால் நனையாமல் கடக்கும் தரையாக இருந்தபோதுகூட, இந்திய மலைகளின் தவளைகளில் பலவும் நம் மலைத் தவளைகளும் அதிகம் கலக்கவில்லை என்பதை 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியது. நடுவே கிடந்த உலர்ந்த சமவெளியே போதுமான மதிலாக இருந்தது.

நக்கிள்ஸில் இன்னும் உண்டு. மூக்கு நுனியில் இலை போன்ற சதைத் தகடு கொண்ட ஓணான் இனமொன்று உலகில் இங்கே மட்டும். ஹோட்டன் சமவெளியில் உள்ள அதன் உறவினத்துக்கு அதே இடத்தில் முள் போன்ற கொம்பு. ரக்வானை மலைகளின் இரண்டு உறவினங்களுக்கோ அது பேருக்குத்தான். பிட்டவல பத்தனையின் ஈரப்பாறைகளில் வாழும் தட்டையான தவளையும் இந்த மலைத்தொடருக்கே உரியது. அதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. நீர் கசியும் பாறைமேல் ஒட்டி வளர்கின்றன.

தனித்திருந்ததால் பிறந்த இனங்கள் தனித்திருப்பதாலேயே எளிதில் அழியும். வெப்பம் ஏறினால் அவை மேலே போகலாம். சிகரத்துக்கு மேல் போக இடமில்லை. ஏலம் நடுவதற்காகக் காட்டின் கீழ்த்தளத்தை வெட்டிய இடங்களில் பெரிய மரங்கள் நின்றன, தூரத்திலிருந்து காடு காடாகவே தெரிந்தது. ஆனால் அந்த மரங்களின் இடத்துக்கு வரவேண்டிய கன்றுகள் போய்விட்டன. அந்த ஏலத்தில் கூலிக்கு உழைத்தவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. 2000இல் நக்கிள்ஸ் காடு பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம்.

ஆனாலும் 2006ஐ நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அதற்கு முன் நக்கிள்ஸ் காடு போயிருந்தால், ‘பரவாயில்லை, அந்த ஓணான் ஹோட்டன் சமவெளியில் இருக்கிறதே’ என்றுதான் எழுதியிருப்பார்கள். இது வெறும் பயமல்ல. இலங்கையின் மரத்தவளைகள் பல, நூதனசாலைப் போத்தல்களில் கிடந்த பழைய உடல்களை மீண்டும் ஆராய்ந்தபோதுதான் தனி இனங்கள் என்று தெரியவந்தன. பெயர் வைக்கும்போதே அவை மலைகளில் இல்லை.

ஆகவே மாத்தளைப் பாடசாலைகளிடம் எங்கள் வேண்டுகோள் இது. கூர்ப்பு அலகைத் தொடங்கும் வாரத்தில் வன இலாகாவின் அனுமதியோடு பிள்ளைகளை றிவர்ஸ்டனுக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புரவுக்குப் போகும் வீதிதான். எதையும் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம். கண்டதைத் திகதியும் இடமும் குறித்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு அனுப்பினால், அடுத்த இதழிலிருந்து அதற்குப் பக்கம் உண்டு.