அடுத்த வெள்ளத்துக்கு முன் பண்ணவாடிக் கோபுரத்தை அளந்து வையுங்கள்

காவிரியின் குறுக்கே நிற்கும் மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் 80 அடிக்கும் கீழே இறங்க இறங்க, சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியில் அணை நீரில் மூழ்கிய ஒரு தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். கூடவே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் எழும்பும். 2024 கோடையில் அணை 50 அடியை ஒட்டி வந்தபோது இரண்டும் நன்றாகவே வெளியே நின்றன.

மலேசியாவின் சிலிம் ரிவரில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை? பேராக் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஆள் எடுப்பது 1938இல்தான் நின்றது. அணை வேலை நடந்ததோ 1925 முதல் 1934 வரை. அந்தக் காவிரிக் கரையிலிருந்து 1920களின் பிற்பாதியில் கப்பலேறிய ஒருவர் பத்து வருஷம் பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பியிருந்தால், போய் நிற்க ஊரே இருந்திருக்காது, அணை நீரில் மூழ்கியிருக்கும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் 'சேலம் ஜில்லா' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கிராமத்தின் பெயரைத் தேடிப் போகிற பேரப்பிள்ளைகளில் சிலருக்கு விடை அந்தத் தண்ணீருக்குள் இருக்கக்கூடும்.

பண்ணவாடிக் கோபுரத்தில் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. செங்கல்லின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. சுற்றிலும் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் விலகிய இடத்தில் விவசாயிகள் விதைத்துவிடுகிறார்கள். அவர்கள் கட்டடத்தைத் தொடுவதில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் நந்தி மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மேலே காய்ந்த சேறு சில இடங்களில் அடியில் சதசதவென்றே இருக்கும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அது தெரியாது.

எப்போதும் நீருக்குள்ளேயே கிடந்தால் சுண்ணாம்புக் காரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஊறுவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான் அதற்கு எமன். நீரோடு வந்த உப்பு செங்கல்லின் துளைகளில் தங்கி, வெயிலில் இறுகி, உள்ளிருந்தே உடைக்கும். கரையோர அலை அடித்தளத்து மண்ணை அரிக்கும். காவிரியில் கலக்கும் ஹேமாவதியின் கரையில், கர்நாடகத்தின் ஹாசனுக்கு அருகே ஷெட்டிஹள்ளி தேவாலயத்துக்கு நேர்ந்ததும் இதுதான். பிரெஞ்சு மிஷனரிகள் 1860களில் கட்டியது. கோரூர் அணை வந்தபின் மழைக்காலந்தோறும் மூழ்கி எழுகிறது. கூரை போய்விட்டது, சுவர்களும் சரிகின்றன. அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை, பராமரிப்புக்குத்தான் ஆள் இல்லை.

அணை நீரைக் குறைக்கச் சொல்லவில்லை. ஜூன் 12இல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பதுதான் முதல் கடமை. ஆனால் அணை வறண்டு கிடக்கும் சில வாரங்களைச் சும்மா விட வேண்டுமா? நீர்வளத் துறையும் தொல்லியல் துறையும் இப்போதே ஒரு குழுவைத் தயாராக வைத்திருக்கட்டும். கோபுரம் வெளியே வந்த முதல் வாரத்திலேயே ட்ரோன் பறக்கவிட்டு, அளவெடுத்து, வரைபடம் போட்டுவிடலாம். அடுத்து, உதிர்ந்த இடங்களில் பழைய முறைச் சுண்ணாம்புக் கலவை பூசி, அடிவாரத்தில் கருங்கல் பதிக்க வேண்டும். சிமென்ட் வேண்டவே வேண்டாம், அது செங்கல்லைச் சீக்கிரம் கெடுக்கும். நூறு ஆண்டு பழமையான சின்னங்களைப் பாதுகாக்க 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அணையைவிட மூத்த கட்டடத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்க என்ன தயக்கம்? கோடை மாதங்களில் பண்ணவாடிப் பரிசல்துறையில் ஒரு காவலரும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் இருந்தால், உயிருக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

இன்னொன்றும் கேட்கிறேன், இது எங்களுக்காக. மூழ்கிய கிராமங்களின் பெயர்ப் பட்டியலையும், நிலம் எடுத்தபோது இழப்பீடு பெற்ற குடும்பங்களின் விவரத்தையும் தமிழில் பொதுவில் வெளியிட வேண்டும். தாத்தா, பாட்டியின் பழைய அடையாளச் சீட்டை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் பேராக் குடும்பங்களே, அதில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு சேலம் ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். அடுத்த கோடைக்கு முன் அது அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.