பட்டாளத்து வீட்டு வாசலுக்கு அரசு வரட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,



வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதையும், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்ததையும் அது சொல்கிறது. நூறாண்டு கடந்தும் எங்கள் பக்கம் அந்த வழக்கம் மாறவில்லை. கம்மவான்பேட்டை கிராமத்தை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். அங்கே படைக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நானும் பட்டாளத்துக்காரர் ஒருவரின் மகள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முன்னாள் படைவீரர்களுக்குத் தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் ஓய்வு பெற்று வந்தவர்களுக்குக் காவல் பணி வாங்கித் தருகிறது. 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம், தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் அதில் 30 விழுக்காடு மானியமும் தருகிறது. நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பும் ஒரு நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ இது பெரிய கைதூக்கல். முழு மனதோடு வரவேற்கிறேன்.

என் கவலை எல்லாம் கடன் கேட்கும் வயதைத் தாண்டியவர்களைப் பற்றியது. பதினைந்து ஆண்டு சர்வீஸ் முடிக்காமல் வெளியே வந்த சிப்பாய்க்கு சர்வீஸ் பென்ஷன் கிடையாது. 1971 போர்க்காலத்தில் படையில் இருந்துவிட்டு அப்படி வந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்து, பென்ஷன் இல்லாமல் 65 வயது கடந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய அரசின் படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து மாத உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் தரும் தொகையும் இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் இதற்கு இணையத்தில் விண்ணப்பித்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரையையும் பெற வேண்டும். இப்படி ஒரு உதவி இருப்பதே தெரியாத பாட்டி எங்கே போய்க் கேட்பார்?

பென்ஷன் வந்த வீட்டிலும் சிக்கல் உண்டு. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இறந்ததும் பென்ஷன் நின்றது. குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டார். படைப் பதிவேட்டில் அவர் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆதாரில் வேறு எழுத்து. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலோடு இன்னொரு விதம். பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. கல்யாணம் முடிந்ததும், குடும்ப விவரம் பதியும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற படை ஆணையில் சரியாகப் பதிந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. அன்று அதைக் கவனித்துச் சொல்ல ஆளில்லை. பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போவார். ஒரு தாள் குறைகிறது என்பார்கள். தாலுகா ஆபீஸ் போவார். அங்கே இன்னொரு தாள் கேட்பார்கள். கணவரின் டிஸ்சார்ஜ் புக்கை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டு அவர் அலைந்த அந்த மாதங்களில் வீட்டிலிருந்த நகையெல்லாம் அடகுக்குப் போயிற்று. நாட்டுக்காகக் காவல் நின்றவரின் மனைவி, தான் அவர் மனைவிதான் என்று மெய்ப்பிக்க அலைவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கணவர் இருந்தது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அவர் பதிவேடு வெலிங்டனில் இருக்கும். நீலகிரி மலையேறியாவது போய்ப் பார்க்கலாம். ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவான ஈஎம்இ என்றால் செகந்திராபாத். ஆலங்காயத்திலோ அணைக்கட்டிலோ இருக்கும் ஒரு பெண் ஜபல்பூருக்கு எந்த மொழியில் கடிதம் எழுதுவார்?

பென்ஷன் மத்திய அரசின் பொறுப்பு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பணம் அவர்களுடையதுதான். ஆனால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்கள் அரசின் அலுவலகம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுப்பது மாநில அரசின் ஊழியர்கள். ‘இருவரும் ஒருவரே’ என்று கையெழுத்துப் போட வேண்டிய தாசில்தாரும் உங்கள் தாசில்தார். ஒரு படைவீரர் இறந்த செய்தி முதலில் எட்டுவது அந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலருக்குத்தான். தில்லிக்கு அது போய்ச் சேர நாளாகும்.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரிடமும் தம் ஊரின் படைவீரர் வீடுகளின் பட்டியல் இருக்கட்டும். அந்த வீட்டில் இறப்பு நேர்ந்தால் அவரே நல அலுவலகத்துக்குத் தகவல் சொல்லட்டும். துக்கம் விசாரிக்க வரும்போதே அலுவலகத்து ஆள் படிவத்தோடு வரட்டும். மாதம் ஒரு நாள் தாலுகா ஆபீஸில் முகாம் நடக்கட்டும். ஆட்சியர் தலைமையில் நடக்கும் குறைதீர் கூட்டம் மாவட்டத் தலைநகரிலேயே நின்றுவிடுகிறது. முகாமில் ஒரு கணினியும், பதிவேட்டு அலுவலகங்களோடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசத் தெரிந்த முன்னாள் ஹவில்தார் ஒருவரும் இருந்தால் போதும். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மரியாதையான சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். பெயர் வேறுபாடு, பிறந்த தேதி வேறுபாடு ஆகியவற்றுக்குத் தாசில்தார் இத்தனை நாளுக்குள் சான்று தர வேண்டும் என்று கெடு வைத்து ஆணையிடுங்கள்.

புதிய பழக்கமாக எதையும் கேட்கவில்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்த அரசு இயந்திரத்துக்கு ஒரு விதவையின் மனுவை எடுத்துச் செல்வது பெரிய சுமையாகாது.

1949 முதல் டிசம்பர் 7-ஐக் கொடிநாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் கூடக் கையிலிருந்த காசைக் கொடுத்துக் கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். வரும் கொடிநாளுக்கு முன்பே இந்த ஆணையைப் பிறப்பித்து, முதல் முகாமை எங்கள் வேலூர் மாவட்டத்திலேயே தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டாளத்துக்காரர் ஒருவரின் மகள்,
வேலூர் மாவட்டம்.