ஜி.பி. எழுதிய தாள்கள்

தேர்தலில் நின்றவரில்லை. கட்சிக் கொடி பிடித்தவரில்லை. ஆனாலும் இந்திரா காந்தி ஆட்சியின் மிகச் சிக்கலான இரண்டு பேச்சுவார்த்தைகள் கோபாலசாமி பார்த்தசாரதியின் கை வழியாகவே நடந்தன. ஒன்று காஷ்மீர், மற்றொன்று இலங்கை. டெல்லியில் அவருக்குப் பெயர் ஜி.பி. ஈழம் பற்றித் தமிழில் வந்த நூல்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். எங்கள் கண்ணில் பட்டவரை, அவற்றில் ஜி.பி.க்குக் கிடைத்திருப்பது ஒரு பத்தி, மிஞ்சினால் ஒரு பக்கம். மேடையில் முழங்கியவர்களை நினைவில் வைக்கிறோம். வாசகம் எழுதியவர்களை மறந்துவிடுகிறோம்.

1912இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், மதராஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார், ‘தி இந்து’வில் உதவி ஆசிரியராக இருந்தார். வெளியுறவுப் பணிக்குத் தேர்வெழுதி வந்தவரல்ல, நேரு அழைத்து வந்தவர். இந்தோசீனாவில் சர்வதேசக் கண்காணிப்பு ஆணையம், சீனத்தில் தூதர், பாகிஸ்தானில் ஹை கமிஷனர், 1965 போர் நடந்தபோது ஐ.நா.வில் இந்தியாவின் குரல். 1969இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இவ்வளவு பதவிகளும் ஒருவருக்கு எப்படி வாய்த்தன என்றால், பிரதமர்கள் அவரை நம்பினார்கள் என்பதைத் தவிர வேறு விடை கிடையாது.

காஷ்மீர்க் கதையில் ஒரு குடும்பச் சுவாரசியம் உண்டு. அவருடைய தந்தை என். கோபாலசாமி ஐயங்கார் காஷ்மீர் மன்னரின் பிரதமராக இருந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் 370ஆவது பிரிவைக் கொண்டுவந்து வாதாடியவர். காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவின் சார்பில் பேசிய மிர்சா அஃப்சல் பேக்கோடு நீண்ட பேச்சு நடத்தி, 1974 நவம்பரில் கையெழுத்திட்டார் மகன். அந்த உடன்பாட்டின் முதல் வரியே காஷ்மீர் தொடர்ந்து 370ஆவது பிரிவின்படி ஆளப்படும் என்பதுதான். 1975 பிப்ரவரியில் ஷேக் மீண்டும் ஆட்சிக்கு வந்து முதல்வரானார். தந்தையும் மகனும் காத்த அந்தப் பிரிவு 2019 ஆகஸ்டில் செயலற்றதாக்கப்பட்டது.

நமக்கு நெருக்கமானது அடுத்த தாள். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இந்திரா ஜி.பி.யைத் தன் சிறப்புத் தூதராகக் கொழும்புக்கு அனுப்பினார். அந்த ஆகஸ்டிலேயே இலங்கை நாடாளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தங்கள் இடங்களை இழந்தார்கள். அவர்களை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றிய அதே ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவை அவர்களோடு பேசவைக்க வேண்டும் என்பதுதான் ஜி.பி.க்கு இட்ட வேலை. கொழும்பில் பலருக்கு அவர் தமிழர் என்பதே குற்றமாகப் பட்டது. கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தோடும் ஜெயவர்த்தனாவோடும் மாறிமாறிப் பேசி, நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்கு ஜே.ஆர். டெல்லி வந்தபோது ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதுதான் ‘அனெக்சர் சி’.

அதில் என்ன இருந்தது? ஒரு மாகாணத்தின் மாவட்ட சபைகள் இணைந்து பிராந்திய சபையாகலாம். பெரும்பான்மையுள்ளவர் முதலமைச்சர். உள்ளூர்ச் சட்டம் ஒழுங்கு, காணி, வரி ஆகியவற்றில் சபைக்கு அதிகாரம். பிராந்தியத்துக்கொரு உயர் நீதிமன்றம். திருகோணமலைத் துறைமுகம் மத்திய அதிகார சபையின் கீழ். வடக்கையும் கிழக்கையும் ஒரே அலகாக்கும் கோரிக்கை இதில் நிறைவேறவில்லை. இணைப்பு மாகாண எல்லையோடு நின்றது. அதைச் சொல்லாமல் அனெக்சர் சி-யை அமுதமாகக் காட்டுவது நேர்மையல்ல. ஆனால் கட்டாயச் சத்தியமும் தீக்கிரையான வீடுகளும் மட்டுமே இருந்த ஆண்டில், பேசத் தகுந்த ஒரு தாளை உண்டாக்கியது சின்ன வேலையும் அல்ல.

1984 ஜனவரியில் கூடிய சர்வகட்சி மாநாட்டில் ஜெயவர்த்தனா அதை வைத்தார், தன்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை. பௌத்த பிக்குகளின் மகாசங்கம் எதிர்த்தது, மாநாடு இழுத்துக்கொண்டே போனது. அக்டோபர் 31 அன்று இந்திரா சுடப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் மாநாடும் முடிந்தது. கடைசியில் வந்த மசோதாக்கள் அனெக்சர் சி-யிலிருந்து வெகுதூரம் விலகி நின்றன. 1985 தொடக்கத்தில் வெளியுறவுச் செயலராக வந்த ரொமேஷ் பண்டாரியின் கைக்கு இலங்கை விவகாரம் போயிற்று. ஜி.பி. ஒதுக்கப்பட்டார்.

எங்கள் விமர்சனம் இங்கேதான். ஆலோசகரின் அதிகாரம் இரவல் அதிகாரம். தந்தவர் போனால் அதுவும் போகும். ஜி.பி. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல. அவர் பேசியதைத் தொடர வேண்டிய கட்டாயம் அடுத்து வந்தவருக்கும் இல்லை. அவர் பேச்சு நடத்திய அதே மாதங்களில் அதே இந்திய அரசு ஈழ இளைஞர் இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தது. மேசையில் உட்கார்ந்தவருக்கும் முகாம் நடத்தியவர்களுக்கும் எஜமானர் ஒருவரே. இதற்கான விலையை டெல்லி கொடுக்கவில்லை. ஜி.பி.யை நம்பி இளைஞர்களிடம் பொறுமை கேட்ட கூட்டணி கொடுத்தது. கையில் காட்ட ஒரு தாளும் இல்லாமல் அது ஊர் மக்களிடம் மதிப்பிழந்தது. 1989 ஜூலையில் அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார், சுட்டது விடுதலைப் புலிகள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழி வந்த பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. காவலும் காணியும் இன்றுவரை முறையாகச் சபைகளின் கைக்கு வரவில்லை.

ஜி.பி. 1995இல் காலமானார். இருபத்தைந்து ஆண்டு கடந்த நிரந்தர ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் 1983-84 கோப்புகளின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஜி.பி.யின் கொழும்புப் பயணக் குறிப்புகளையும் பயிற்சி முகாம்கள் பற்றிய கோப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்க ஆய்வாளர்களுக்கு வழி வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை ஒரு கேள்வியாகவாவது அவையில் எழுப்பலாம். அடுத்த இதழில் அனெக்சர் சி-யை முழுமையாகத் தமிழில் வெளியிடுகிறோம். அந்த நாள்களில் சென்னையில் கூட்டணியினரோடு பழகியவர்கள், பேச்சுவார்த்தைகளை அருகிருந்து பார்த்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்புங்கள். எங்களோடு முரண்படுபவர்களும் எழுதலாம், வெட்டாமல் போடுவோம்.