"ஏன் அங்க வச்ச?"

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணியானால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆறேழு பிள்ளைகள் செஸ் ஆட வந்துவிடுவார்கள். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போர்டு இரண்டு இருக்கிறது. ஒன்றில் கறுப்பு யானை தொலைந்துபோய், அந்த மூலையில் ஒரு சோடா மூடி நிற்கிறது.

போன மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குதிரையைத் தூக்கி நடு போர்டில் வைத்தான். நல்ல இடம்தான். "ஏன்டா அங்க வச்ச?" என்று கேட்டேன். "வீட்ல போன்ல வச்சுப் பாத்தேன் சார், பார் ஏறுச்சு" என்றான்.

செஸ் செயலிகளில் ஓரமாக ஒரு பட்டை இருக்கும். வெள்ளை ஜெயிக்கிற நிலை என்றால் வெள்ளை நிறம் மேலே ஏறும், கறுப்புக்குச் சாதகம் என்றால் இறங்கும். அதைத்தான் பிள்ளைகள் 'பார்' என்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அடுத்து ஓர் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினாள். போனில் அவன் பார்க்காத மூவ் அது. அப்புறம் அவனுக்குக் கை ஓடவில்லை. நாலே நகர்த்தலில் அந்தக் குதிரையையே பறிகொடுத்தான். அது அங்கே எதற்காக நின்றது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது என் ஆயா. செஸ் அல்ல, ஆடுபுலி ஆட்டம். திண்ணையில் கரித்துண்டால் கோடு இழுத்து, மூன்று கூழாங்கல்லைப் புலியாகவும் பதினைந்து புளியங்கொட்டையை ஆடாகவும் வைப்பாள். நம் பக்கத்துக் கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டத்தைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு கொட்டையை வைத்ததும் ஆயா தன் கல்லை நகர்த்த மாட்டாள். "ஏன் அங்க வச்ச?" என்பாள். பதில் சொன்னால்தான் ஆட்டம் மேலே போகும். தப்பான பதிலாக இருந்தாலும் பரவாயில்லை, பதில் வேண்டும். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவள் கேட்ட அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

கம்ப்யூட்டர் ஜெயித்துவிட்டதே, இனி மனுஷன் யோசித்து என்ன ஆகப்போகிறது என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. ஜெயித்தது உண்மைதான். 1997 மே 11 அன்று நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் ப்ளூ, கடைசி ஆட்டத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவை 19 நகர்த்தலில் முடித்தது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கிற இயந்திரம் அது. அடுத்த வருஷமே நம் விஸ்வநாதன் ஆனந்தும் ரெபெல் என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டம் ஆடி 3-5 என்று தோற்றார். அந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வேக ஆட்டங்கள் ஆறிலும் சேர்த்து ரெபெல் நாலரைப் புள்ளி எடுத்தது. நிதானமாக யோசிக்க நேரம் கொடுத்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றரைப் புள்ளி ஆனந்துக்கு. 2006இல் உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற புரோகிராமிடம் தோற்றதோடு நிதான ஆட்டத்திலும் போட்டி முடிந்துபோனது. இன்றைக்கு என் பேரன் போனில் இலவசமாக ஓடுகிற ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராம் அந்த டீப் ப்ளூவை விடப் பலசாலி.

ஆனால் அந்தத் தோல்வியை விட எனக்குப் பெரிய செய்தி குகேஷ். 12 வயது 7 மாதத்தில் கிராண்ட் மாஸ்டர் ஆன பிள்ளை, அதுவரை செஸ் இன்ஜினை, அதாவது இப்படி மூவ் கணக்கிட்டுச் சொல்கிற புரோகிராமை, தொடாமல் வளர்ந்தவன். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். எல்லோர் கையிலும் இன்ஜின் இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்! 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே நடப்பு சாம்பியன் டிங் லிரன். பார் 'சமம்' என்று காட்டியது, ஆட்டம் டிராதான் என்று பார்த்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் முன்னால் எந்தப் பட்டையும் இல்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு குகேஷ் விடாமல் நெருக்கினான். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். 58ஆவதில் 18 வயதுப் பிள்ளை உலக சாம்பியன்.

இன்ஜின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனந்த் சிறுவனாக இருந்தபோது நல்ல ஆட்டம் பார்க்க மெட்ராஸில் சோவியத் கலாச்சார மையத்தின் டால் செஸ் கிளப்புக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நெசவு வீட்டுப் பிள்ளைக்கும் களை பறிக்கப் போகிற அம்மாவின் பிள்ளைக்கும் அப்படி ஒரு இடம் இன்றைக்கும் கிடையாது. கோச்சுக்குக் கொடுக்கக் காசும் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்திருக்கிற உலகத்தரமான ஒரே துணை அந்த போன்தான். அதைப் பிடுங்குவது பாவம். நான் கேட்பது வரிசை மட்டும்தான். முதலில் பிள்ளை யோசிக்கட்டும், அப்புறம் இன்ஜின் சொல்லட்டும். இன்ஜின் எது நல்ல மூவ் என்று சொல்லும். 'நீ ஏன் அப்படி நினைச்ச?' என்று அது கேட்காது. அதைக் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளிகளுக்கு போர்டு வாங்கித் தருகிற நல்ல மனசுக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்கிறேன்: வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுங்கள். பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. ரிட்டயர் ஆன வாத்தியார், தபால்காரர், கல்லூரி போகிற அக்கா, யாராக இருந்தாலும் போதும்.

இப்போது எங்கள் திண்ணையில் ஆளுக்கொரு நோட்டு. நகர்த்தலுக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பத்தி. ஆட்டம் முடிந்து அதை எழுதி முடித்த பிறகுதான் போன். முதல் வாரம் பாதிப் பக்கம் காலியாக வந்தது. போன சனிக்கிழமை அந்தக் குதிரைப் பையன் நோட்டை நீட்டினான். பதினாறாவது நகர்த்தலில் ராஜாவை மூலைக்குத் தள்ளியிருந்தான். பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "பயமா இருந்துச்சு. அவ மந்திரி அந்தக் கோட்டுல நிக்குது." போனைத் திறந்து பார்த்தோம். அது வேறொரு மூவைக் காட்டியது. பையன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "சார், இது ஏன் அங்க வைக்குது?"