வயசானா அப்படித்தான் இருப்பாங்களா?

ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருந்த விஷயம். இன்னைக்கு எழுதியே தீர்றதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் புலம்பலும் கலந்திருக்கும், பொறுத்துக்கங்க மக்களே.

2023 நவம்பரில் எங்க அப்பத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் சர்க்கரை இருந்ததால் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, ஒரு வாரத்தில் வீடு திரும்ப வேண்டியது மூன்று வாரமாக இழுத்தது. ராத்திரிக் காவல் எனக்கு, லேப்டாப்பும் கையுமாக.

முதல் வாரத்திலேயே அப்பத்தா பேச்சைக் குறைத்துக்கொண்டது. இட்லியை வைத்தால் ஒரு விள்ளல், அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கும். கேட்டால், "எனக்கு எதுக்குய்யா காசைக் கொட்டுறீங்க, வீட்டுக்குக் கொண்டு போயிருங்க." நடக்கவைக்க வந்த பிசியோதெரபிஸ்ட் 'ஒத்துழைக்கவில்லை' என்று சார்ட்டில் எழுதிவிட்டுப் போனார். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "எண்பது வயசு, இப்படித்தான் இருப்பாங்க சார்" என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டதும் பகலெல்லாம் மந்தம், ராத்திரி குழப்பம். செத்துப்போன தம்பியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

நாலு மணிக்கொரு தடவை பிரஷர், காய்ச்சல் எல்லாம் குறிக்கிறார்கள். சர்க்கரைக்கு விரலில் குத்துகிறார்கள். மனசு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்க சர்வர் பார்க்கிற மாதிரிதான். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை விளக்கு, உள்ளே அப்ளிகேஷன் தொங்கிப் போயிருக்கும் :-(

கேட்பதற்குக் கருவி இல்லாமலா இருக்கு? முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோல் 1980களிலேயே வந்துவிட்டது. முதலில் 30 கேள்விகள், பிறகு 15 ஆகச் சுருக்கினார்கள். எல்லாமே ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்விகள். பத்து நிமிஷம் கூட ஆகாது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, பசிக்கிறதா, தூக்கம் வருதா என்று அதில் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற வயசானவருக்கு அதெல்லாம் நோயாலேயே கெட்டிருக்கும், அதை வைத்து மனசைக் கணிக்க முடியாது. (வீட்டிலேயே இருக்கப் பிடிக்குமா, வெளியே போகப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி உண்டு. வார்டில் படுத்திருப்பவரிடம் கேட்டால் முறைப்பார்!)

எலும்பு உடைந்தால் யாருக்குத்தான் வருத்தம் வராது என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வருத்தம் பேத்தி வந்தால் கொஞ்சம் விலகும், நல்ல காபிக்குக் கொஞ்சம் விலகும். இரண்டு வாரமாக எதற்குமே விலகாமல் படுத்துக் கிடப்பது வேறு. சட்டென்று ஒரே நாளில் குழம்பி, காலையில் தெளிவு, மாலையில் உளறல் என்று ஏறி இறங்கினால் அது டெலிரியம். அதற்குக் காரணம் மருந்தாகவோ தொற்றாகவோ இருக்கலாம், உடனே பார்க்கவேண்டியது. தொல்லை என்னவென்றால் டெலிரியத்திலேயே ஆள் சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கிற வகையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். இதைப் பிரித்துப் பார்க்கத்தானே டாக்டர்? 'வயசு' என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் மூடிவிட்டால் எப்படி?

மருத்துவமனையை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், நாங்களும் லட்சணம்தான். சேர்த்த அன்றைக்கு நகையோடு கண்ணாடியையும் காது மிஷினையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியது நான்தான். பாதி நாள் அதுக்கு யார் என்ன சொல்றாங்கன்னே கேட்டிருக்காது.

மனநல டாக்டர் என்றதும் சித்தப்பா, "பில்லுல அந்தப் பேரு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் தரமாட்டான்" என்றார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்கு இருக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு இருக்கணும். இதை அவருக்குப் புரியவைக்க ஒரு நாள் போனது.

பதினாறாம் நாள் அந்த அம்மா வந்தார். முதலில் தூக்க மாத்திரையை நிறுத்தி, காது மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். குழப்பம் தெளிய இரண்டு நாள் விட்டு மறுபடி வந்தார். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டார், நம்ம ஊர்ப் பேச்சிலேயே. ஏழாவதோ எட்டாவதோ கேள்வியில் அப்பத்தா உடைந்து அழுதது. சாப்பிட்டால் வெளிக்கிப் போகணும், மருமகள் வந்து துடைத்துவிடணும், அந்த வெட்கத்தில்தான் இட்லியைத் தள்ளியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லமுடியவில்லை, பேரனிடம் எப்படிச் சொல்லும்?

குறைந்த அளவில் ஒரு மாத்திரை ஆரம்பித்தார். வேலை செய்ய சில வாரம் ஆகும், வயசானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்று முன்கூட்டியே சொல்லி, டெஸ்ட்டுக்கும் எழுதிக்கொடுத்தார். டயப்பரை எடுத்துவிட்டு, கட்டில் பக்கத்திலேயே ஓட்டை நாற்காலி போட்டு, துணைக்கு ஒரு ஆயாம்மாவும் வைத்தோம். மறுநாள் காலை இரண்டு இட்லி. சட்னியில் உப்பு இல்லைன்னு திட்டும் கிடைத்தது.

இப்போ வீட்டில் ஒரு துணிப்பை தனியா மாட்டியிருக்கு. கண்ணாடி, காது மிஷின், அதுக்குப் பேட்டரி, பல் செட். ஆஸ்பத்திரி என்றால் முதலில் கிளம்புவது அந்தப் பைதான்.