செஸ் புரோகிராமின் வேகத்தை நம்பலாமா?

கம்ப்யூட்டரில் செஸ் விளையாடும் நண்பர்கள் பலர் இரண்டு புரோகிராம்களை இன்ஸ்டால் செய்து, எது விநாடிக்கு அதிக நிலைகளை அலசுகிறது என்று பார்ப்பார்கள். பெரிய எண்ணைக் காட்டுவதே சிறந்தது என்று முடிவு கட்டி விடுவார்கள். இது தவறு என்பது என் கருத்து.

1997-ல் காஸ்பரோவை வென்ற ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ, விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. இதற்கென்றே தயாரிக்கப்பட்ட 480 செஸ் சிப்கள் அதில் இருந்தன. 2009-ல் பியூனஸ் அயர்ஸில் நடந்த மெர்கோசுர் கோப்பைப் போட்டியில், ஒரு மொபைல் போனில் இயங்கிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 புரோகிராம் 10 ஆட்டங்களில் 9.5 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றது. அதன் வேகம் விநாடிக்கு 20,000 நிலைகளுக்கும் குறைவு! பயனற்ற நகர்த்தல்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும் புரோகிராமுக்குப் பெரிய எண் தேவையில்லை. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் 12 வந்தபோது, அதில் நியூரல் நெட்வொர்க் சேர்க்கப்பட்டதால் வேகம் குறைந்தது. ஆட்டத் திறனோ கூடியது. தவிர, நிலைகளை எண்ணும் முறையே புரோகிராமுக்குப் புரோகிராம் வேறுபடும். ஒரே புரோகிராமை இரண்டு கம்ப்யூட்டர்களில் ஓட்டி பிராசசர்களை ஒப்பிட மட்டும் இந்த எண் உதவும்.

மெமரி விஷயத்திலும் இதே குழப்பம்தான். வெவ்வேறு நகர்த்தல் வரிசைகளில் ஒரே நிலை மீண்டும் வரும். அதை மறுபடி அலசாமல் இருக்க, கிடைத்த விடையை ஹாஷ் டேபிளில் புரோகிராம் குறித்து வைக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக் கொள்ளும் 16 எம்.பி.யில் சுமார் 15 லட்சம் குறிப்புகள் அடங்கும். ஐந்து நிமிட ஆட்டத்துக்கு இதைச் சற்று கூட்டினால் போதும். ஒரே நிலையை மணிக்கணக்கில் அலச விடுபவர்களுக்குத்தான் ஜி.பி. கணக்கில் தேவை. 256 எம்.பி. ராம் இருந்த என் பழைய கம்ப்யூட்டரில் ஆசைப்பட்டு ஹாஷுக்கு 200 எம்.பி. கொடுத்தேன். விண்டோஸுக்கு இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. மவுஸ் கூட நகரவில்லை. தப்பு புரோகிராமுடையது அல்ல, என்னுடையது!

ஹாஷ் எத்தனை சதவீதம் நிரம்பியது என்பதைப் பல புரோகிராம்கள் திரையிலேயே காட்டுகின்றன. உங்கள் வழக்கமான ஆட்டத்தில் அது பாதி கூட நிரம்பவில்லை என்றால், கூடுதல் ராம் வாங்குவது வீண் செலவு.

புரோகிராம்களை ஒப்பிட வேண்டுமா? விடை தெரிந்த பத்துப் பதினைந்து செஸ் புதிர்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே கம்ப்யூட்டரில், ஒரே அளவு ஹாஷ் கொடுத்து, சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். பல கோர்களில் ஓட விட்டால் ஒவ்வொரு முறையும் நேரம் மாறும். எனவே சோதனையின்போது ஒரு கோர் மட்டும் கொடுங்கள்.