ஓ.டி.பி. கொழும்புக்கு, நோயாளி நோட்டன் பிரிட்ஜில்

நாட்டின் வைத்திய சேவை இணையத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. வைத்தியரைக் காண முன்பதிவு, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், காணொளியில் ஆலோசனை என்று ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசிக்குள் போகின்றன. இந்த மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியுள்ள தோட்டங்களின் நோயாளிக்குக் கைகொடுக்க ஓர் ஆளைக்கூட வைக்காமல் இதைச் செய்வதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மலையில் கொழுந்து எடுக்கும், சீனி வருத்தமுள்ள ஓர் அம்மாவின் நிலையைப் பாருங்கள். கையில் இருப்பது பட்டன் போன். அரச ஆஸ்பத்திரியில் செய்ய முடியாத பரிசோதனையை வெளியே எழுதிக் கொடுக்கிறார்கள். ஹட்டன் டவுனில் இரத்தம் கொடுத்தால், ரிப்போர்ட் போனுக்கு வரும் என்கிறார்கள். அவர் கொடுத்த நம்பரோ கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகனுடையது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதில் ஓர் இணைப்பு, அதைத் திறக்க ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல். இரவு கடை பூட்டிய பிறகுதான் மகன் அதைப் பார்க்கிறான். பக்கத்து லயத்துப் பையனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறான். அந்தப் பையன் சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு ஏறி அதை இறக்கி, டவுனில் காசு கொடுத்துப் பிரின்ட் எடுக்க வேண்டும். கிளினிக் நாளுக்குள் அது வந்து சேரவில்லையென்றால் அன்றைய முறையும் போகிறது, பயணமும் வீணாகிறது. வந்து சேர்ந்தாலும், டாக்டரின் கண்ணில் படுமுன் அது மூன்று பேர் கைமாறியிருக்கிறது. சீனி வருத்தம் என்றால் பரவாயில்லை என்று அவர் பொறுத்துக்கொள்ளலாம். கருத்தரிப்பு, காசநோய், மனநோய் என்றால் அந்தப் பெண் யாரிடம் போனை நீட்டுவார்?

பெயர் இன்னொரு தொல்லை. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், கிளினிக் கொப்பியில் இன்னொரு விதமாகவும், தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்கள் மலையகத்தில் ஏராளம். அப்படி எழுதியவர்கள் அதிகாரிகளும் எழுதுவினைஞர்களும்தான். கவுண்டரில் ஒரு மனிதர் இருந்தால் முகத்தைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுச் சரிசெய்துவிடுவார். எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் கணினி அப்படிச் செய்யாது.

உதவி கேட்பது சலுகையல்ல. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் எவருக்கும் உரிமை உண்டென்று உறுதிசெய்தது. அந்தப் பதில் கடிதத்தில் வந்தாலென்ன, போன் திரையில் வந்தாலென்ன? அதற்கும் முன்பே, 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் சுமத்திய பொறுப்பை, இன்று தோட்டக் கம்பனியும் சுகாதார அமைச்சும் ஒன்றையொன்று கைகாட்டித் தட்டிக்கழிப்பது வெட்கக்கேடு.

வழி தெரியாத நாடுமல்ல இது. கணினி தெரியாத மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த நெனசல நிலையங்களுக்காக, 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் 10 இலட்சம் டொலரையும் பெற்ற நாடு. அப்படியிருந்தும் அரசின் கணினி அறிவுக் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டமே கடைசியில் கிடக்கிறது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பியதும் இதே அரசுதான். ஆனால் பெரும்பாலான லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஒப்பீசுக்கு வந்து, அங்கிருந்துதான் ஆளுக்குப் போக வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதைகளை உடைத்துப் போட்டபோது, தொலைவிலிருந்து வைத்தியம் பார்க்கும் வசதி யாருக்கு மிகவும் தேவைப்பட்டது என்பதை அமைச்சு அறியும். அந்த மக்களைத்தான் அது கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறது.

ஆகவே சுகாதார அமைச்சையும் மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் நாம் கேட்பது இதுதான். டிக்கோயா, மஸ்கெலியா ஆஸ்பத்திரிகளில் கிளினிக் நடக்கும் நாளெல்லாம், தமிழ் பேசும், சம்பளம் பெறும் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும். பதிவு செய்து கொடுப்பது, ரிப்போர்ட்டை இறக்கிப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பது, பெயர்ப் பிழையைத் திருத்துவது, அறிந்ததை வெளியே சொல்லாதிருப்பது ஆகியவை அவருடைய வேலை. மலையகத்தில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு இதற்குப் பயிற்சி கொடுங்கள். தோட்ட டிஸ்பென்சரிகளில் இணைய இணைப்போடு ஒரு கணினி வைப்பதைக் கம்பனிகள் மீது கட்டாயமாக்குங்கள். தனியார் ஆய்வுகூடமானாலும் செய்தி தமிழிலும் வர வேண்டும். கேட்பவருக்குத் தாளில் ரிப்போர்ட் மறுக்கப்படக் கூடாது. லயங்களுக்கு விலாசம் கொடுங்கள். இவை நடக்கும்வரை, போன் இல்லை, ஓ.டி.பி. வரவில்லை என்ற காரணத்தால் எந்த நோயாளியும் திருப்பி அனுப்பப்படக் கூடாதென்ற சுற்றறிக்கை உடனே, மும்மொழியிலும், ஒவ்வொரு கவுண்டரிலும் ஒட்டப்பட வேண்டும்.